மலைநாட்டுப் படிக்கட்டு வயலில் மெதேன் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காலை எட்டரை மணிக்கு நீர் கட்டிய வயலில் இறங்கி, சேற்றில் ஒரு காலை ஊன்றிப் பாருங்கள். காலைச் சுற்றிப் பொலபொலவென்று குமிழ் கிளம்பும். அந்தக் குமிழில்தான் நீங்கள் அளக்க வந்த மெதேன் என்ற, புவியைச் சூடாக்கும் வாயு இருக்கிறது. மண் தன் போக்கில் பல மணி நேரம் எடுத்து வெளியே விட்டிருக்க வேண்டியதை உங்கள் கால் ஒரு நொடியில் பிதுக்கித் தள்ளிவிட்டது. இந்த வேலையில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் நடப்பதில்லை. காலடியில்தான் நடக்கின்றன.

இலங்கை மலைநாட்டில், வெலிமடைப் பக்கத்துப் படிக்கட்டு வயல்களில் மூன்று பெரும்போகம் (மகா பருவ நெல் வேளாண்மை) அளக்கும் பெட்டி தூக்கி அலைந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யப் போகும் தம்பி தங்கைகளும், வயல் வேலைக்குத் துணையாகப் போகிறவர்களும் இதை வைத்துக்கொண்டு முதல் நாளே ஒழுங்காக ஆரம்பிக்கலாம். சமவெளிக்கு எழுதிய கையேடுகள் பல உண்டு. குறிப்பாக 2015 இல் ஜப்பானின் தேசிய விவசாயச் சூழலியல் ஆய்வு நிறுவனம், வயலின்மேல் பெட்டியை மூடி, உள்ளே வாயு சேரும் வேகத்தைப் பார்க்கும், கையால் இயக்கும் மூடிய பெட்டி முறைக்கென்றே நல்ல கையேடு ஒன்றை வெளியிட்டது. அடிப்படை முறையில் நானும் அதே வழிதான். ஆனால் மலையில் உயரம், சரிவு, குளிர் மூன்றும் கணக்குக்குள் வந்து நிற்கும். அவற்றை விட்டுவிட்டால் எண் தவறிப்போகும்.

மண்ணுக்குள் நடப்பது

நீர் கட்டிய சில நாட்களிலேயே மண்ணில் ஒட்சிசன் தீர்ந்துவிடும். அதன் பிறகு நுண்ணுயிர்கள் நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு, சல்பேற்று என்று ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். கடைசியில்தான் மெதேன் ஆக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களின் முறை வரும். மண்ணின் ரெடொக்ஸ் அளவு (ஒட்சியேற்ற-தாழ்த்தல் மின்னழுத்தம், ஒட்சிசன் தீரத் தீர இறங்கும்) மைனஸ் 150 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அவற்றின் வேலை தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வைக்கோலும் பச்சிலையும் அவற்றுக்குத் தீனி.

உருவான மெதேன் மூன்று வழியில் வெளியே வரும்: குமிழாக, நீரில் கரைந்து மெல்லப் பரவி, நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுவெளிகள் வழியாக. பயிர் வளர்ந்துவிட்டால் மூன்றாவது வழிதான் பெரிது. வெளிவருவதில் பத்தில் ஒன்பது பங்கு வரைகூட அந்த வழியே போகலாம். ஆகவே பெட்டிக்குள் பயிர் இருந்தே ஆகவேண்டும். பயிரை விலக்கி வெறும் நீர்மேல் பெட்டி வைத்து எடுத்த எண் வயலின் எண் ஆகாது.

புவியைச் சூடாக்கும் இன்னொரு வயல் வாயுவான நைதரசு ஒட்சைட்டு இதற்கு நேர்மாறு. நீர் வடிந்து மண் பாதி காய்ந்திருக்கும்போது, அதிலும் யூரியா போட்ட கையோடு, அது எழும்பும். புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோகிராம் மெதேன் நூறு ஆண்டுக் கணக்கில் 27 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்குச் சமம். நைதரசு ஒட்சைட்டு 273க்குச் சமம். இவை காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின், அதாவது ஐபிசிசியின், ஆறாவது மதிப்பீட்டு எண்கள். வயலில் நீரை வற்றவிட்டால் மெதேன் குறையும், மற்றது கூடக்கூடும். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு "குறைத்துவிட்டோம்" என்று அறிக்கை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முடிந்தால் இரண்டையும் அளந்துவிடுங்கள்.

காபனீரொட்சைட்டைப் பயிர் பகலில் இழுக்கும், இரவில் விடும். ஒளி புகாத பெட்டியில் அளந்தால் சுவாசம் மட்டுமே தெரியும். வயலின் நிகரப் பரிமாற்றம் வேண்டுமென்றால் ஒளி புகும் பெட்டியும் பகல் இரவு அளவீடும் வேண்டும். அது தனி வேலை, இங்கே தொடவில்லை.

கோபுரம் நட்டு, காற்றின் சுழற்சியை நொடிக்குப் பத்து முறை அளக்கும் முறையும் இருக்கிறது. அதற்குச் சுற்றிலும் ஒரே மாதிரியான, சமதளமான பரந்த வயல் வேண்டும். இங்கே ஒரு தட்டு பத்தடி அகலம், அடுத்தது நாலடி கீழே, பக்கத்தில் போஞ்சிப் பாத்தி, மேலே தேயிலை. அந்தக் காற்று எந்த வயலிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மலைக்குப் பெட்டிதான் சரி.

வயலைத் தெரிவு செய்தல்

சிங்களத்தில் ஹெல்மலு என்று சொல்லும் இந்தப் படிக்கட்டு வயல்களில் நீர் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு மடை மடையாக இறங்கும். மேலே போட்ட யூரியாவும் அந்த நீரோடு சேர்ந்து வரும். எனவே ஒரு சோதனையை மேல் தட்டிலும் அதற்கு ஒப்பீடான வயலைக் கீழ்த் தட்டிலும் வைத்தால், இரண்டும் கலந்துவிடும். ஒரே தட்டுக்குள் பாத்திகளைப் பிரித்து, நடுவரம்புக்குள் தடித்த பொலித்தீனை முப்பது நாற்பது சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் புதைத்து, ஒவ்வொரு பாத்திக்கும் தனி மடை கொடுங்கள். இதே அமைப்பை வேறு வேறு தட்டுகளில் குறைந்தது மூன்று முறை வையுங்கள்.

வயல்காரரிடம் முதலில் பேசுங்கள். அனுமதிக்கு மட்டுமல்ல, விவரத்துக்கும் அவர்தான் வேண்டும். போன போகத்து வைக்கோலை உழுது புரட்டினாரா, எரித்தாரா, எப்போது? ஐபிசிசி கணக்கில், நடவுக்கு முப்பது நாளைக்குள் புரட்டிய வைக்கோலின் தாக்கக் குணகம் (மெதேனை எவ்வளவு கூட்டும் என்பதன் எடை) 1. அதற்கு முன்பே புரட்டியிருந்தால் 0.19. அப்படியென்றால் இந்த ஒரு தேதியை அறியாமல் உங்கள் எண்ணை யாரும் விளங்கிக்கொள்ள முடியாது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்ட பிறகு பலர் கிளிரிசிடியா இலையும் கோழி எருவும் போடப் பழகினார்கள். அதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கமநல சேவை நிலையத்தில் நீர் விடும் நாட்களைக் கேட்டு வையுங்கள்.

நான் அளந்த வயலைப் பார்த்துக்கொண்ட மாமா முதல் நாளே சொன்னார்: "தம்பி, மேல் வரம்புல நண்டு வளை இருக்கு. தண்ணி ராவோட ராவா இறங்கிரும். காலையில பாத்துட்டு கட்டிக்கிட்டே இருக்கணும்." நீர்மட்டம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்று நான் ஒரு மாதம் குழம்பியிருப்பேன். அந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றியது.

பெட்டி

இரண்டு பாகம். மண்ணில் நிரந்தரமாக இருக்கும் அடிச்சட்டம் ஒன்று, அளக்கும்போது அதன்மேல் வைக்கும் பெட்டி மற்றது.

அடிச்சட்டம் 40 சென்ரிமீற்றர் சதுரமாக இருக்கட்டும். இருபது சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்ட வயலில் நான்கு நெற்குத்துகள் அதற்குள் அடங்கும். விதைத்த வயலென்றால் சட்டத்துக்குள்ளும் வெளியேயும் நாற்றுகளை எண்ணி, அடர்த்தி ஒன்றாக இருக்கும் இடத்தில் வையுங்கள். சட்டத்தின் மேல்விளிம்பில் சுற்றிவர ஒரு தொட்டிப் பள்ளம் வேண்டும். அதில் நீர் ஊற்றி, பெட்டியின் கீழ்விளிம்பு அந்த நீருக்குள் அமிழ்ந்தால் காற்றுக் கசியாது. பக்கங்களில் துளைகள் போட்டு, வெளி நீர் உள்ளே போய்வர விடுங்கள். நீர் வடிந்த நாட்களில் அந்தத் துளைகளை ரப்பர் அடைப்பால் மூடவேண்டும், மறந்தால் வாயு அதன் வழியே போய்விடும். சட்டத்தை அளவெடுப்புக்கு ஒரு நாளாவது முன்பு அழுத்தி வையுங்கள். நான் ஒரு வாரம் முன்பே வைத்துவிடுவேன்.

பெட்டியை அக்ரிலிக் தகட்டில், 50 சென்ரிமீற்றர் உயரமான இரண்டு துண்டாகச் செய்யுங்கள். பயிர் சின்னதாக இருக்கும்போது ஒரு துண்டே போதும். உள்வெளி குறைவாக இருந்தால் செறிவு வேகமாக ஏறும், அளவும் தெளிவாக வரும். பயிர் வளர்ந்தபின் இரண்டாவதை மேலே ஏற்றுங்கள். ஒரு மீற்றர் பெட்டியை ஒற்றையாகத் தூக்கிக்கொண்டு, மழையில் நனைந்த ஓரடி வரம்பில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு துண்டின் அருமை தெரியும்.

உள்ளே கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட் விசிறி ஒன்று, ஒரு வெப்பமானி, மாதிரி எடுக்கக் குழாயும் த்ரீவே ஸ்டாப்காக்கும் (மூவழித் திருகு அடைப்பு), மேலே ஒரு பெரிய துளையும் அதற்கு அடைப்பும். பெட்டியை இறக்கும்போது அந்தத் துளை திறந்தே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அமுக்கம் கூடி மண்ணை அழுத்தும். இறக்கி முடித்தபின் மூடுங்கள். நீளமான மெல்லிய குழாய் ஒன்றை அமுக்கத்தைச் சமன் செய்யப் பொருத்துங்கள். வெயில் நாளில் பெட்டிக்குள் வெப்பம் ஏறாமல் இருக்க, வெளியே வெள்ளித் தாள் சுற்றலாம்.

நடைபலகை

இதைத் தனித் தலைப்பாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் போகத்தில் எங்களிடம் பலகை இல்லை. சேற்றில் நின்று அளந்தோம். சுற்றுக்காற்றில் மெதேன் இரண்டு பிபிஎம்மை (பத்து இலட்சத்தில் இரண்டு பங்கை) ஒட்டித்தான் இருக்கும். பெட்டியை மூடியவுடன் எடுத்த எங்கள் பூச்சிய நிமிட மாதிரிகளோ எட்டு, பதினொன்று, ஒன்றில் முப்பது என்று வந்தன. பெட்டியை மூடும்போதே உள்ளே குமிழ் நிறைந்திருந்தது. ஐந்து வாரத்து உழைப்பை ஒதுக்கி வைத்தோம். அந்த வாரங்களில் வயல் என்ன விட்டது என்பது இனி யாருக்கும் தெரியாது. அந்த இழப்பு இன்றும் மனதில் நிற்கிறது.

சரி, என்ன செய்வது? வரம்பிலிருந்து சட்டம் வரை மூங்கில் கால் நட்டு, மேலே பலகை போடுங்கள். கால்கள் சட்டத்திலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும். பயிர் நட்ட வாரமே போட்டுவிட்டால் மண் அடங்க நேரம் கிடைக்கும். பலகையில் நின்று கையை நீட்டிப் பெட்டியை மெதுவாக இறக்கப் பழகுங்கள். இரண்டு பேர் வேண்டும்.

இன்னொன்று, பலகை இருந்தாலும் வயலில் இறங்கும் நாட்கள் வரும். எலிக்காய்ச்சல் இந்த நாட்டு வயல்களில் உண்மையான ஆபத்து. போகம் தொடங்கும்போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துத் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். காலில் வெடிப்போ காயமோ இருந்தால் இறங்கவே வேண்டாம்.

அளக்கும் நாள்

வாரம் ஒரு முறை அளப்பது அடிப்படை. உரம் போட்டபின்னும் நீர் வடித்தபின்னும் ஒரு வாரத்துக்கு நாள்தோறும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் போங்கள். நைதரசு ஒட்சைட்டு அந்தச் சில நாட்களிலேயே எழும்பி இறங்கிவிடும்.

நேரம்? மண்ணின் வெப்பம் நாளின் சராசரியை ஒட்டி நிற்கும் முற்பகல் நேரத்தில் அளப்பது பொது வழக்கம். மலையில் இதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கிழக்கே மேடு மறைக்கும் பள்ளத்தாக்கில் வெயில் ஒன்பதரைக்குத்தான் வயலைத் தொடும், மண் அதற்கும் பிந்தித்தான் சூடாகும். போகத்தில் இரண்டு தடவையாவது, மூன்று மணிக்கு ஒரு முறை என்று இருபத்து நான்கு மணி நேரமும் அளந்து, உங்கள் வயலின் சராசரி எந்த நேரத்தில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள். எந்த நேரமானாலும் ஒவ்வொரு வாரமும் அதே நேரம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு மழை கொட்டுவது வழக்கம் என்பதால் முற்பகலை விட்டால் அன்றைய நாளே போய்விடும்.

பெட்டியை இறக்கி, துளையை அடைத்து, விசிறியைப் போட்டவுடன் முதல் மாதிரி. பிறகு 10, 20, 30 ஆவது நிமிடங்களில் மூன்று. சிரிஞ்சை இரண்டு மூன்று தடவை இழுத்துத் தள்ளிக் குழாயில் தங்கிய பழைய காற்றை வெளியேற்றியபின் எடுங்கள். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் வெப்பநிலையைக் குறியுங்கள். முடிந்ததும் பெட்டியை உடனே தூக்கிவிடுங்கள், பயிர் வேகக்கூடாது.

கூடவே குறிக்க வேண்டியவை: நீரின் ஆழம், நீர்மேலிருந்து பெட்டியின் கூரை வரை உள்ள உயரம், ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் மண் வெப்பம், முடிந்தால் ரெடொக்ஸ், பயிர் உயரம், வளிமண்டல அமுக்கம். நீர் மண்ணுக்குக் கீழே போய்விட்டால் ஆழத்தை மைனஸில் எழுதுங்கள். அதைப் பார்க்க, துளையிட்ட முப்பது சென்ரிமீற்றர் பிவிசி குழாய் ஒன்றை இருபது சென்ரிமீற்றர் புதைத்து வைத்தால் போதும். நனைத்துக் காயவிடும் நீர் முறையில் குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே பதினைந்து சென்ரிமீற்றர் போனதும் மறுபடி நீர் கட்டுவதும் இந்தக் குழாயைப் பார்த்துத்தான்.

குப்பியும் மலைப்பாதையும்

மாதிரியைச் சிரிஞ்சிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், கசியும். காற்று நீக்கிய 12 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிக்குள் 20 மில்லிலீற்றரைத் தள்ளுங்கள். ஏன் இவ்வளவு? ஆயிரம் மீற்றர் உயரத்தில் வெளி அமுக்கத்துக்குச் சமமாக நிரப்பிய குப்பி, ஆய்வுகூடம் இருக்கும் பேராதனைக்கு இறங்கும்போது வெளியில் அமுக்கம் கூடிவிடுவதால் ரப்பர் வழியே ஊர்க்காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே அமுக்கம் கூடுதலாக இருந்தால் கசிந்தாலும் வெளியேதான் போகும், செறிவு மாறாது. சில குப்பிகளில் செறிவு தெரிந்த நியம வாயுவை வயலிலேயே நிரப்பி, மற்றவற்றோடு சேர்த்து அனுப்புங்கள். ஆய்வுகூடத்தில் அவை முன்பே தெரிந்த அந்தச் செறிவையே காட்டினால் உங்கள் பயணம் பழுதில்லை.

ஆய்வுகூடத்தில் வாயு நிறப்பகுப்புக் கருவி, ஜீசி என்பார்கள். அதில் மெதேனுக்குச் சுவாலை உணரி (எஃப்ஐடி), நைதரசு ஒட்சைட்டுக்கு இலத்திரன் கவர் உணரி (ஈசிடி). பத்து மாதிரிக்கு ஒரு முறை நியம வாயுவை ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம், உங்கள் மாதிரி அது. கையில் தூக்கிப் போகும் லேசர் கருவி கிடைத்தால் குப்பியே வேண்டாம், நொடிக்கு ஒரு அளவு வரும், சில நிமிடம் மூடினால் போதும்.

கணக்கு

மெதேன் பாய்வு, அதாவது வயல் மெதேனை விடும் வேகம், ஒரு சதுர மீற்றருக்கு மணிக்கு மில்லிகிராமில்:

பாய்வு = செறிவு ஏறும் வேகம் (மணிக்கு பிபிஎம்) × உள்வெளியின் உயரம் (மீற்றர்) × 0.717 × 273 ÷ (273 + பெட்டி வெப்பநிலை) × அமுக்கம் ÷ 1013

0.717 என்பது பூச்சியப் பாகையிலும் கடல்மட்ட அமுக்கத்திலும் ஒரு கன மீற்றர் மெதேனின் கிலோகிராம் எடை. பல கையேடுகளில் கடைசி அமுக்கப் பகுதி இருக்காது, ஏனென்றால் அவை கடல்மட்டத்துக்குப் பக்கத்து வயலுக்கு எழுதியவை. கண்டி சுமார் 500 மீற்றர், அங்கே அமுக்கம் 955 ஹெக்டோபாஸ்கலை ஒட்டியிருக்கும். ஆயிரம் மீற்றரைத் தாண்டிய வெலிமடையில் 890ஐ ஒட்டி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு மாதிரிகள் 2.1, 3.5, 5.0, 6.4 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றினூடாக நேர்கோடு போட்டால் நிமிடத்துக்கு 0.144, மணிக்கு 8.64 பிபிஎம். உள்வெளி உயரம் 0.95 மீற்றர், வெப்பநிலை 27 பாகை, அமுக்கம் 890.

8.64 × 0.95 × 0.717 × (273 ÷ 300) × (890 ÷ 1013) = 4.7

அமுக்கத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 5.36 வரும். பதினான்கு சதவீதம் கூடுதல். மலைநாட்டு விவசாயி விடாத மெதேனை அவர் தலையில் கட்டுவது இது. தயவுசெய்து இந்த ஒரு பெருக்கலை விடாதீர்கள்.

4.7 ஐ 24 ஆல் பெருக்கினால் நாளுக்கு 113 மில்லிகிராம், அதாவது ஹெக்டேயருக்கு நாளொன்றுக்கு 1.13 கிலோகிராம். நைதரசு ஒட்சைட்டுக்கும் இதே சூத்திரம்தான். 0.717 க்குப் பதில் 1.977, பிபிஎம்முக்குப் பதில் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு), விடை மைக்ரோகிராமில்.

உள்வெளி உயரத்தை நீர்மேலிருந்து அளக்க வேண்டும், மண்ணிலிருந்து அல்ல. நீர் எட்டு சென்ரிமீற்றர் நின்ற நாளில் மண்ணிலிருந்து அளந்தால், ஒரு மீற்றர் பெட்டியில் எட்டு சதவீதம் பிழைத்துவிடும்.

நான்கு புள்ளிகளும் நேர்கோட்டில் இருந்தால் நிம்மதி. 2, 14, 15, 16 என்று ஒரு பாய்ச்சல் தெரிந்தால் குமிழ் ஒன்று வெடித்திருக்கிறது. அது உங்கள் காலால் வந்ததா, மண் தானாக விட்டதா என்று யோசியுங்கள். முதல் மாதிரியே உயர்ந்திருந்தால் காலாகத்தான் இருக்கும், தள்ளிவிடுங்கள். நடுவில் வந்தால் குறிப்பேட்டைப் பாருங்கள். யாரும் அசையாத நேரத்தில் தானாக வந்த குமிழும் வயலின் மூச்சுதான். கோடு வளைந்திருக்கிறது என்பதற்காக அதை நீக்கினால் உண்மையான மெதேனை மறைத்ததாகும். எதைத் தள்ளினாலும் காரணத்தோடு எழுதி வையுங்கள்.

போகம் முழுவதும் எவ்வளவு

இரண்டு அளவெடுப்பு நாட்களின் சராசரியை இடைப்பட்ட நாட்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் போகத்தின் மொத்தம். இதை ஐபிசிசியின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். அதன் வழிகாட்டி நெறிகளின் 2019 திருத்தத்தில், இடைவிடாமல் நீர் கட்டிய வயலுக்குத் தெற்காசிய அளவு ஹெக்டேயருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோகிராம். நூறு நாள் நீர் நின்றால் 85. நடுவில் ஒரு முறை வடித்தால் 0.71 ஆல் பெருக்குவார்கள், 60 வரும். பல முறை வடித்தால் 0.55, அப்போது 47. உங்கள் எண் இதிலிருந்து விலகினால் பதற வேண்டாம். இந்த எண் பெரும் பரப்புக்கான சராசரி. குளிர்ந்த மண்ணில் மெதேன் மெல்ல உருவாகும், ஆனால் அதே குளிரில் பயிர் முற்ற அதிக நாள் எடுப்பதால் நீர் நிற்கும் காலமும் நீளும். எது வெல்லும் என்பது அந்தந்த வயலில் அளந்தால்தான் தெரியும்.

விளைச்சலையும் எடை போடுங்கள். ஒரு தொன் நெல்லுக்கு எவ்வளவு மெதேன் என்ற எண்தான் வயல்காரருக்குப் பொருள் உள்ளது.

அறுவடைக்கு முன் நீரை வடிக்கும் வாரத்தில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மண்ணில் அடைபட்டிருந்த மெதேன், நீர் வடிந்து வெடிப்பு விழும்போது இரண்டு மூன்று நாள் பெருமளவில் வெளியேறும். அதைத் தவறவிட்டால் மொத்தம் குறைந்து காட்டும்.

அறுவடை முடிந்தபின் சட்டங்களை அப்படியே கழற்றிக் கொண்டுபோவது வழக்கம். வெலிமடைப் பக்கம் அப்படிச் செய்யாதீர்கள். சிறுபோகத்தில் இதே வயலை மேடுகட்டி உருளைக்கிழங்கு போடுவார்கள், உரமும் தாராளமாக விழும். மெதேன் அநேகமாக நின்றுவிடும், நைதரசு ஒட்சைட்டின் காலம் தொடங்கும். அடிச்சட்டத்தை ஒன்று மேட்டிலும் ஒன்று சாலிலுமாக மாற்றி வைத்து, துளைகளை அடைத்து, உரம் போடும் நாளை மாமாவிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் காலையே பெட்டியோடு போய் நில்லுங்கள்.